புதுப்பிப்பு: பார்க் லைட் போட்டால் ஃப்யூஸ் போகும் பிரச்சினை தீர்ந்தது

பழைய காரில் பார்க் லைட் போட்டதும் 10 ஆம்பியர் ஃப்யூஸ் எரிந்துவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். ஷார்ட் சர்க்யூட் ஆன இடம் கிடைத்துவிட்டது. டிக்கி மூடியின் கீல் அருகே, நம்பர் பிளேட் விளக்குக்குப் போகும் ஒயர்.

மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் இதில் குழப்பத்தான் செய்தது. குளிர்ந்த பல்பின் இழைக்கே மின்தடை மிகக் குறைவு. மீட்டரில் அதுவும் ஷார்ட் மாதிரியே தெரியும். அதனால் அந்தச் சர்க்யூட்டின் பல்புகள் எல்லாவற்றையும் முதலில் கழற்றினேன். பிறகு ஃப்யூஸ் இடத்தில் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை ஒயர் வைத்து மாட்டினேன். ஷார்ட் இருக்கும்வரை அது முழு வெளிச்சத்தில் எரியும். மின்னோட்டம் 2 ஆம்பியரைத் தாண்டாது, ஒயர் கருகாது. ஃப்யூஸாக வாங்கி எரிப்பதைவிட எவ்வளவோ மேல்!

கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபோது, பின்பக்க இணைப்பைக் கழற்றியதும் பல்பு அணைந்தது. திரும்ப மாட்டி டிக்கி மூடியை ஆட்டினால் விட்டுவிட்டு எரிந்தது. தகரத் துளையில் ஒயரைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்து, தகரத்தின் விளிம்பு ஒயரின் உறையை அறுத்திருந்தது. அந்தத் துண்டை வெட்டி, அதே தடிமனில் புது ஒயரைச் சால்டர் செய்து, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, வளையத்தையும் மாற்றிவிட்டேன்.

20 ஆம்பியர் ஃப்யூஸ் போடச் சொன்ன நண்பருக்கு: வேண்டாம். அப்போது ஃப்யூஸ் போவதற்கு முன்பே ஒயர் எரிந்துவிடலாம்.