குடிநீர் ஆலையை மறுபடி திறப்பதற்கு முன்னால்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

பூட்டிக் கிடக்கும் குடிநீர் ஆலைக்கு மறுபடி பணம் திரட்டலாம் என்று சிங்கப்பூர் மாமா எழுதியிருந்தார். என் பங்கை அனுப்பிவிடுகிறேன். ஆனால் திரட்டுவதில் பாதியை மெஷினுக்குப் போடாமல், அதை நடத்தப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது ஆலையைப் பார்த்துக்கொண்ட அக்காவிடம் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். யார் வீட்டுக்கு எத்தனை கேன், யார் பாக்கி, எல்லாம் தேதி போட்டு முத்து முத்தாக எழுதி வைத்திருக்கிறார். கேன் ஏழு ரூபாய். கரண்ட் பில் போக மிஞ்சியதைக் கோயில் திருவிழாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மூன்று வருடத்தில் தண்ணீரை வடிகட்டும் மெம்பரேன் போய்விடும், அதற்குக் கேனுக்கு ஒரு ரூபாயாவது எடுத்து வைக்க வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. அக்காமேல் ஒரு குறையும் கிடையாது.

இங்கே மொரீஷியஸில் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் சிறு விவசாயிகளானதும், வட்டிக்காரர் பிடியிலிருந்து மீள 1913-லேயே கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தொடங்கினார்கள். ரோஸ்ஹில்லில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அப்படி ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்தவர். கணக்கு எழுதக் கற்றுக்கொண்ட பிறகுதான் பெட்டிச் சாவியையே தன்னிடம் தந்தார்கள் என்றார். இந்தோனேசியாவில் 2014 கிராமச் சட்டம் கிராமங்கள் சொந்தமாகத் தொழில் நிறுவனம் நடத்த வழி செய்திருக்கிறது. அங்கே பொங்கோக் என்ற கிராமம், அந்தச் சட்டத்துக்கு முன்பே 2009-இல் தொடங்கிய ஊர் நிறுவனத்தை வைத்து, தன் ஊற்றுக் குளத்தையே சுற்றுலாத் தலமாக்கிவிட்டது. நம்மிடம் கண்மாய் இருக்கிறது, புளிய மரங்கள் இருக்கின்றன.

ஆனால் கண்மாய் மீன் ஏலம் போன ஐந்து வருடத்தில் எவ்வளவுக்குப் போனது என்று கேட்டால் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். பழைய தொகை கையில் இல்லாததால் ஏலம் எடுப்பவர் சொன்னதுதான் விலை. வீட்டு வரிப் பதிவேட்டிலும் எங்கள் வீடு இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அவர் இறந்து இருபது வருடமாகிறது. தெருவாரியாக யார் இருக்கிறார்கள், எந்த போர்வெல் வற்றிவிட்டது, எந்த மரம் யாருக்குக் குத்தகை என்பதை ஊரே எழுதி வைத்து வருடா வருடம் திருத்த வேண்டும்.

ஊராட்சிச் செயலர், மகளிர் குழுப் பொருளாளர், ஆலை அக்கா, இந்த மூன்று பேருக்கும் ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் வகுப்பு வைக்கலாம். ரொக்கப் புத்தகம், மெஷின் தேய்வதற்கு முன்கூட்டியே பணம் எடுத்து வைக்கும் தேய்மான ஒதுக்கீடு, அப்புறம் கம்ப்யூட்டரில் பதிவேடு. அவர்களுக்கு அன்றைய கூலி நஷ்டமாகக் கூடாது, அதையும் நாம்தான் தர வேண்டும். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. மே 1 கூட்டத்திலேயே முதல் கணக்கை அக்காவே படித்துக் காட்டட்டும்.

மதுரைப் பக்கம் ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர் யாரையாவது தெரிந்தவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். நான் போன் போட்டுப் பேசிவிடுகிறேன்.