மகளின் முதல் கார்: ஏர்பேக் விளக்கு எரியவில்லை, எங்கே சோதிப்பது?

கானாடுகாத்தானில் இருக்கிறோம். மகளுக்கு 18 முடிந்து ஓட்டுநர் உரிமம் வந்துவிட்டது. தினமும் காரைக்குடிக் கல்லூரிக்கு நெடுஞ்சாலையில்தான் போக வேண்டும். லாரிகளும் ராமேஸ்வரம் போகும் சுற்றுலா பஸ்களும் விரையும் சாலை. 5 லட்சத்துக்குள் பழைய கார்தான் எங்களால் முடியும்.

பார்த்திருப்பது டாடா அல்ட்ராஸ், 2020 மாடல், பெட்ரோல். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் பெற்ற வண்டி. மாமனார் இதைவிடச் சிறிய வண்டி போதும் என்கிறார், எனக்கு மனம் ஒப்பவில்லை. புதிதாக ஓட்டுபவளுக்குத்தான் உறுதியான கூடு வேண்டும்.

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் ஏர்பேக் (மோதலில் விரியும் பாதுகாப்புப் பை) எச்சரிக்கை விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். இந்த வண்டியில் எரியவே இல்லை. "பல்ப் போயிருக்கும்" என்கிறார் விற்பவர். முன்பு விபத்தில் ஏர்பேக் விரிந்து, புதிது பொருத்தாமலே யாரோ மூடிவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.

காப்பீட்டு இழப்பீட்டு விவரம் கேட்டேன், தரவில்லை. அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் உரிமையாளர் விவரம் சரியாக இருக்கிறது. உள்ளூர் மெக்கானிக்கின் ஸ்கேனர் எஞ்சினைப் படிக்கிறது, ஏர்பேக் பகுதியைப் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

காரைக்குடி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் படித்து, பழைய மோதல் பதிவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் பணிமனை எது?