சிங்கப்பூரிலிருந்து இரண்டு பாட்டில் ஒயின் வருகிறது: கறிச்சாப்பாட்டுக்கு எதை வாங்கி வரச் சொல்லலாம்?

மிளகுக்கடை, காரைக்குடி:

எல்லோருக்கும் வணக்கம். நான் 32 வருடம் மளிகைக் கடை நடத்தியவன். மிளகு, கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ இவற்றோடுதான் காலம் போனது. மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் போதும், போன வருடத்துச் சரக்கா புதுச் சரக்கா என்று சொல்லிவிடுவேன். கடையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. மூக்கு இன்னும் விடவில்லை.

போன ஆடியில் மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்தேன். அவன் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழேயே ஒரு சின்ன ஒயின் கடை. நம் ஊரில் ஒயின் ஷாப் என்றால் பிராந்தி, பீர். அங்கே நிஜமாகவே ஒயின் மட்டும்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு பாட்டிலைத் திறந்துவைத்து, அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டுச் சுவை பார்க்கக் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் அளவுதான். கடையில் இருந்த பெண், "அங்கிள், குடிக்க அவசரப்படாதீர்கள். முதலில் முகர்ந்து பாருங்கள், அப்புறம் கிளாஸை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு மறுபடியும் முகருங்கள்" என்றாள். மூட்டையைப் பிரித்ததும் நான் செய்வதும் அதுதானே! எனக்கு உடனே பிடித்துப்போனது.

நாலாவது கிளாஸ் கருஞ்சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனேன், அப்படியே நின்றுவிட்டேன். மிளகு! புது மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது முதலில் வந்து அடிக்குமே, அந்த வாசம். "இதில் மிளகு போடுவார்களா?" என்று கேட்டேன். திராட்சையைத் தவிர ஒன்றும் இல்லை என்றாள். ஆஸ்திரேலியாவின் ஷிராஸ் என்று மகன் எழுதி வைத்துக்கொண்டான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் எனக்கு மணிவிழா. விழா முழுக்கச் சைவம்தான். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் மதுரைச் சம்பந்தி வீட்டாரோடு எட்டுப் பேர் உட்கார்ந்து கறிச்சாப்பாடு. நாட்டுக்கோழி மிளகு வறுவல், மட்டன் உப்புக்கறி, நண்டு மசாலா. மகன் தனியாக வருகிறான். ஒரு ஆளுக்கு 2 லிட்டர் வரைதான் வரியில்லாமல் விடுவார்கள் என்பதால் 750 மில்லி பாட்டில் இரண்டு கொண்டுவரலாம். அந்த ஷிராஸையே இரண்டாக வாங்கி வரச் சொல்லட்டுமா? மிளகோடு மிளகு சேருமா, அல்லது ஒன்றை ஒன்று அடித்துவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டைத் தம்பி:

ஐயா, மணிவிழாவுக்கு என் வணக்கங்கள். பெங்களூரில் ஒரு ஹோட்டலில் 11 வருடமாக ஒயின் பரிமாறுகிறேன்.

உங்கள் மூக்கு சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மிளகுக்கு அந்த வாசத்தைத் தருவது ரொட்டண்டோன் என்ற பொருள். ஷிராஸ் திராட்சையின் தோலிலும் அதேதான் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008இல் இதைக் கண்டு சொன்னார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் தெரிவதே இல்லை. உங்களுக்குத் தூக்கலாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் இரண்டையும் ஷிராஸாக வாங்காதீர்கள். வறுவலில் சண்டை வராது. உப்புக்கறியில்தான் வரும். அதில் கிள்ளிப் போடும் வரமிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் தூக்கிவிடும். அந்த ஷிராஸ் பெரும்பாலும் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கூடவே துவர்ப்பு. அதிகம் கொதித்த டீயை மிளகாய் கடித்த வாயில் ஊற்றிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ஒன்று ஷிராஸ், இன்னொன்று ஜெர்மனியின் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் மோசல் என்ற பகுதிப் பெயரையும் காபினெட் என்ற தரப் பெயரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம் ஆல்கஹால் அளவு. 8, 9 சதவீதம் என்று போட்டிருந்தால் பழத்தின் சர்க்கரை முழுதும் புளிக்காமல் கொஞ்சம் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இனிப்புதான் காரத்தைத் தணிக்கும். 12க்கு மேலே இருந்தால் இனிப்பு அநேகமாக இருக்காது.

பள்ளத்தூர் ஆச்சி, அடிலெய்டு:

அண்ணே, நான் இருப்பது ஷிராஸுக்குப் பேர்போன பரோசா பக்கம், காரில் ஒரு மணி நேரம். தம்பி சொல்வதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. கறிச்சோற்றோடு இனிப்பா என்று முகம் சுளித்தவள் நான். இங்கே கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் துளி இனிப்பில்லாமல் இருக்கும், எலுமிச்சை பிழிந்த மாதிரி. அதை நண்டு மசாலாவுக்கு வைத்தேன், அருமையாகப் போனது. அதே பாட்டிலை உப்புக்கறிக்கு வைத்தேன், புளிப்பும் காரமும் சேர்ந்து நாக்கை அறுத்தது. அப்புறம்தான் ஜெர்மன் பாட்டில் வாங்கினேன். உங்கள் சாப்பாட்டில் இரண்டும் இருப்பதால் தம்பி சொன்னதே சரி.

ஷிராஸில் ஒரு விஷயம். பரோசா வெயில் பூமி. அங்கே வருவது பெரும்பாலும் பழ ஜாம் வாசம். உங்களுக்கு மிளகுதான் வேண்டும் என்றால் குளிர்ப் பகுதிச் சரக்கைக் கேட்கச் சொல்லுங்கள். விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் அதற்குப் பேர்போனது.

இன்னொன்று, சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் கொடுக்க வேண்டும் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். அது குளிர் நாட்டு அறை. தை மாதமானாலும் நம் வளவுக்குள் மத்தியானம் 28, 30 டிகிரி இருக்கும். அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளை ஒயினுக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். தயவுசெய்து எவர்சில்வர் டம்ளர் வேண்டாம் அண்ணே, வாசம் தங்காது. வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸ் எட்டு வாங்கிவிடுங்கள்.

கண்டனூரான்:

மகன் பாட்டில் கொண்டுவர முடியாமல் போனால் நாசிக்கில் செய்கிற சுலாவின் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினைக் கேட்டுப் பாருங்கள். லேசான இனிப்பு உண்டு. வாங்கும்போது பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முறை நான் வாங்கியது எத்தனை நாள் கண்ணாடி அலமாரியில் வெயில் பட நின்றதோ, கார்க் மேலே தள்ளிக்கொண்டு, கழுத்தில் பிசுபிசுப்பு. திறந்தால் வெந்த பழ வாசம். 900 ரூபாயை வாஷ்பேசினில் ஊற்றினேன்.

குடிக்காதவர்களையும் மறக்க வேண்டாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் மஸ்கட் ஹாம்பர்க் என்ற வாசனைத் திராட்சைதான். பிழிந்து வடிகட்டிக் குளிரவைத்தால், முகர்ந்து பார்க்க அதிலும் நிறைய இருக்கிறது.

மிளகுக்கடை, காரைக்குடி:

தம்பி, ஆச்சி, கண்டனூர்த் தம்பி, மூவருக்கும் நன்றி. சாப்பாடு நேற்று நடந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ரீஸ்லிங் 8.5 சதவீதம். மகன் லேபிளைப் படம் எடுத்து அனுப்பி, நான் சரி என்ற பிறகுதான் பணம் கொடுத்திருக்கிறான். கிராம்பியன்ஸ் அந்தக் கடையில் இல்லை, அதனால் நான் சுவைத்த அதே ஷிராஸ். இரண்டையும் வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துத் திருச்சி வரை பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டான்.

ரீஸ்லிங்கில் எலுமிச்சைத் தோல் வாசம், கொஞ்ச நேரம் விட்டால் பச்சை ஆப்பிள். உப்புக்கறியில் ஒரு மிளகாயை வேண்டுமென்றே கடித்துவிட்டு ஒரு வாய் குடித்தேன். காரம் போகவில்லை, ஆனால் அதன் முனை மழுங்கிவிட்டது. நண்டுக்கும் அதுதான் பொருந்தியது. குடித்தது ஐந்து பேர், வறுவல் வருவதற்குள் பாட்டில் காலி.

ஷிராஸும் வறுவலும் அடித்துக்கொள்ளவில்லை. இரண்டு மிளகும் ஒன்றாகி, தொண்டையில் வெகுநேரம் நின்றது. சம்பந்தி மூன்று முறை முகர்ந்தார். அவருக்கு மிளகு வாசமே வரவில்லை. தம்பி சொன்ன அந்த ஐந்தில் ஒருவர் அவர்தான் போலிருக்கிறது. பிளம்ஸ் வாசம் நன்றாக வருகிறது என்றார், அதுவும் உண்மைதான்.

என் மனைவி பன்னீர் திராட்சைச் சாறுதான் குடித்தாள். ஆனால் நான் ஒவ்வொருவரிடமும் மிளகு, மிளகு என்று சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, என் கிளாஸை வாங்கி ஒரு முறை முகர்ந்தாள். "மேலே மிளகு, சரி. அடியில் கல்பாசி இருக்கிறதே, அதைச் சொல்லவில்லையே" என்றாள். வாங்கி மறுபடியும் சுழற்றி முகர்ந்தேன். இருந்தது. எண்ணெயில் போட்டதும் புகைந்து வருமே, மரப்பட்டை மாதிரி, அந்த வாசம். 32 வருடம் விற்றது நான், அதைத் தாளித்தது அவள்.

பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருந்தது. மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். இன்று காலை திறந்தபோது மிளகு அடங்கிப்போய், கல்பாசிதான் தூக்கலாக நிற்கிறது. மகனுக்கு நாளைக்குத்தான் விமானம். ராத்திரி வறுவல் மீதியோடு அவனையும் முகரச் சொல்லப் போகிறேன்.