சுவர் வேண்டாம், வரப்பு என்போம்

ஐயா, வணக்கம்.

காந்தப் பொருளில் அணுக்களின் காந்தத் திசை ஒன்றுபோல இருக்கும் பகுதிதான் காந்தக் களம். அப்படிப்பட்ட இரண்டு களங்களுக்கு இடையே உள்ள எல்லையை, ஆங்கிலத்தில் domain wall என்பதை, தமிழில் ‘களச்சுவர்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். நேர்ச்சொல்தான், தப்பில்லை. ஆனால் மிக மெல்லிய நானோகம்பியில் மின்னோட்டம் பாய்ச்சி அதை நகர்த்துவதைப் பற்றி எழுதும்போது, ‘சுவர் நகர்கிறது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சுவர் விரிசல் விடும், இடியும், நகராது. ‘காந்த வரப்பு’ என்று வைக்கலாம் என்கிறேன்.

பாகூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. நடவுக்கு முன் அண்டை வெட்டும்போது வரப்பின் ஒரு பக்கத்தை மண்வெட்டியால் சீவி, மறுபக்கம் சேற்றை அப்பிக்கொண்டே வந்தால், நாலைந்து போகத்தில் வரப்பு ஒரு முழம் தள்ளிப் போயிருக்கும். பங்காளிச் சண்டை பாதி இதில்தான் ஆரம்பிக்கும். ஒரு வயல் பெருக்கிறது, பக்கத்து வயல் சிறுக்கிறது. நிலம் என்னவோ அதே நிலம். கம்பியிலும் அணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றின் காந்தத் திசை வரிசையாகத் திரும்பத் திரும்ப, எல்லை நகர்கிறது.

வரப்புக்கு அகலமும் உண்டே. இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் பிளாக் 1932இல் காட்டியபடி, காந்தத் திசை ஓர் அணுவில் சட்டென்று புரண்டுவிடுவதில்லை; பல அணுக்களின் ஊடே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. அப்புறம், வரப்பு வயல் மண்ணாலேயே ஆனது. சுவர் என்றதும் செங்கல்லும் சிமென்டும் அல்லவா நினைவுக்கு வருகின்றன!

எலெக்ட்ரான் வரப்பைக் கடக்கும்போது அதன் தற்சுழற்சியின் (spin) திசை திரும்புகிறது. அதில் இழக்கும் கோண உந்தம், அதாவது சுழற்சியின் உந்தம், அங்குள்ள அணுக்களைத் திருப்புகிறது. நிக்கலும் இரும்பும் கலந்த பெர்மலாய்க் கம்பியில், எலெக்ட்ரான் போகும் பக்கமே வரப்பும் போகிறது. கம்பியின் நீளவாக்கில் காந்தப்புலம் கொடுத்தால் அடுத்தடுத்த இரண்டு வரப்புகள் எதிரெதிராக நகரும். ஒன்றையொன்று நெருங்கினால் நடுவில் உள்ள களமே அழிந்துபோகும். மின்னோட்டம் அப்படியில்லை, எல்லா வரப்புகளையும் ஒரே பக்கம் தள்ளும். 2008இல் ஐபிஎம்மின் ஸ்டூவர்ட் பார்க்கின் குழு விளக்கிய ‘ரேஸ்டிராக்’ என்னும் கணினி நினைவகத்துக்கு இதுதான் உயிர்: களங்களாகப் பதிந்த தகவல் வரிசை குலையாமல் கம்பியோடு நகர வேண்டும்.

மின்னோட்டத்தால் வரப்பு நகர்வதை ‘மின்வரப்பு’ என்று சுருக்க வேண்டாம். மின்வேலி மாதிரி ஒலிக்கிறது. ‘மின்னோட்ட வரப்பு நகர்வு’ என்றால் சரியாக இருக்கும்.

கம்பியின் ஓரத்தில் வெட்டிய சிறு பள்ளத்தில் வரப்பு சிக்கி நிற்பதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘பிடிப்பு’ என்பதா, ‘தங்கல்’ என்பதா? உங்களுக்கு எது சரியாகப் படுகிறது?