சுவடு உலோகமா, இம்மி உலோகமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். செல்லுக்குள் இரும்பும் செம்பும் துத்தநாகமும் எங்கெங்கே இருக்கின்றன என்பதை எக்ஸ் கதிரால் படமெடுக்கும் முறை பற்றியது. தலைப்பைத் தாண்ட முடியவில்லை. கையில் கிடைக்கும் சொற்கள்: உடலில் மிகச் சிறிதளவே உள்ள உலோகத்துக்குச் ‘சுவடு உலோகம்’, படமெடுக்கும் கருவிக்கு ‘எக்ஸ் கதிர் ஒளிர்வு நுண்ணோக்கி’. இரண்டும் நெருடுகின்றன.

சுவடு என்பது ஒருவர் போன பின் எஞ்சும் தடம். நம் உடலில் துத்தநாகம் இரண்டு மூன்று கிராம்தான் என்றாலும் அது எதன் தடமும் அல்ல. நூற்றுக்கணக்கான நொதிகள் இந்த நொடியில் அதைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. அளவில் சிறியது என்பதை மட்டும் சொல்லும் சொல் வேண்டும். அதற்கு நம்மிடம் ‘இம்மி’ இருக்கிறது. ‘இம்மியும் பிசகாமல்’ என்று இன்றும் சொல்கிறோம். பழந்தமிழ்ப் பின்னங்களைச் சொல்லும் கீழ்வாய் இலக்க வாய்பாட்டில் இம்மி 1/21,50,400. வேதியியலார் இவ்வுலோகங்களைப் பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்று அளக்கிறார்கள். இம்மி ஏறக்குறைய அதில் அரைப் பங்கு. எழுபது கிலோ எடையுள்ளவர் உடலில் செம்பு சுமார் 100 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மூன்று இம்மி! பழைய அலகு புதிய அறிவியலோடு இவ்வளவு பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆகவே ‘இம்மி உலோகம்’.

அடுத்தது ‘ஒளிர்வு’. இந்தக் கருவியில் எக்ஸ் கதிரை மைக்ரோமீட்டருக்கும் சிறிய புள்ளியாகக் குவித்து, மெல்லிய மாதிரியை அதன் முன்னே வரிவரியாக நகர்த்துகிறார்கள். கதிர் பட்ட அணுவின் உட்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் தெறித்துப் போகிறது. வெளிக்கூட்டிலிருந்து இன்னொன்று அந்த இடத்தில் இறங்கும்போது, மிஞ்சிய ஆற்றல் வேறோர் எக்ஸ் கதிராக வெளிவரலாம். அந்த ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் மாறும்: இரும்புக்கு 6.40, செம்புக்கு 8.05, துத்தநாகத்துக்கு 8.64 கிலோ எலக்ட்ரான் வோல்ட். எனவே எந்தப் புள்ளியில் எந்த உலோகம் எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது. சாயம் ஏற்ற வேண்டியதில்லை. வருகிற கதிரோ கண்ணுக்குத் தெரியாது. ‘ஒளிர்வு நுண்ணோக்கி’ என்றதும் மாணவர் மனத்தில் வருவது சாயமேற்றிப் பச்சையாக மின்னும் செல். அது வேறு கருவி.

ஒவ்வொரு தனிமமும் தனக்கென ஒரு கதிர் வைத்திருப்பதால் ‘தன்கதிர் நுண்ணோக்கி’ எனலாமா?

---

> ‘தன்கதிர் நுண்ணோக்கி’ எனலாமா?

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

இம்மிக்கு என் முழு ஆதரவு. நீங்கள் தனிமம் என்பதை நாங்கள் மூலகம் என்கிறோம். உங்கள் செல் எங்களுக்குக் கலம், திசு இழையம், நுண்ணோக்கி நுணுக்குக்காட்டி. ஒரே பொருளுக்கு இரண்டு சொல் படித்து வளரும் பிள்ளைகளுக்கு இம்மியாவது பொதுவாக இருக்கட்டும்.

தன்கதிர் வேண்டாம் ஐயா. ‘தானே கதிர் வீசுவது’ என்றுதான் வாசிப்பார்கள், அது கதிரியக்கம். இரும்பும் செம்பும் உடலுக்குள் தாமாகக் கதிர் வீசுகின்றன என்று ஒரு மாணவர் நினைத்துவிட்டால், பிறகு அந்த அச்சத்தைப் போக்குவது கடினம். வெளியிலிருந்து ஒரு கதிர் போனால்தான் உள்ளிருந்து ஒன்று வருகிறது. சொல்லில் அந்த உறவு தெரிய வேண்டும்.

ஒளிர்வைக் கைவிடலாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. நாம் ஒளிர்வு என்பதற்கு இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1852இல் ‘ஃபுளோரசென்ஸ்’ என்று பெயரிட்டது ஃபுளோர்ஸ்பார் என்னும் கனிமத்தின் பெயரிலிருந்து. மூலச்சொல்லிலேயே ஒளி இல்லாதபோது நாம் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

மொழிக்கு மறுமொழி போல, கதிருக்கு ‘மறுகதிர்’. எப்படி?

---

> மொழிக்கு மறுமொழி போல, கதிருக்கு ‘மறுகதிர்’.

நன்றி அம்மா. தன்கதிரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கதிரியக்கத்தோடு குழப்பம் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உடனே ஒரு தடை கண்ணில் பட்டது. மாதிரியில் பட்டுச் சிதறும் கதிரும் உணர்கருவிக்கு வந்து சேர்கிறதே, அதுவும் மறுகதிர்தானா? இரண்டு நாள் இதை மனத்தில் போட்டு உருட்டினேன். உங்கள் உவமையிலேயே விடை இருக்கிறது. சிதறிய கதிர் எதிரொலி: போன ஆற்றலோடு, அல்லது அதில் சற்றே குறைந்து, திரும்பும். மறுமொழியில் பேசுவது எதிரில் நிற்பவர். பத்து கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் போனாலும் பன்னிரண்டு போனாலும் துத்தநாகம் சொல்வது அதே 8.64தான். எனவே சிதறலுக்குச் ‘சிதறுகதிர்’. மறுகதிர் இதற்கு மட்டும்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று இரண்டு ஆய்வுகளை வைத்து எழுதிப் பார்த்தேன்.

“அராபிடாப்சிஸ் என்னும் ஆய்வகச் சிறுசெடியில் விஐடி1 மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது விதையிலிருந்த இரும்பின் மொத்த அளவு மாறவில்லை, அது இருந்த இடம் மாறிவிட்டதை 2006இல் மறுகதிர்ப் படம் காட்டியது.”

“சுண்டெலியின் கருமுட்டையில் ஏறத்தாழ 8,000 நுண்பைகள், ஒவ்வொன்றிலும் பத்து இலட்சம் அளவில் துத்தநாக அணுக்கள். கருவுற்றதும் முட்டை அவற்றை அலையலையாக வெளியே விடுகிறது. 2015இல் வெளியான இந்தக் கணக்குக்குத் துணைநின்ற கருவிகளில் மறுகதிர் நுண்ணோக்கியும் ஒன்று.”

முதல் வாக்கியத்துக்காகவே இந்தத் துறைக்கு நல்ல சொற்கள் வேண்டும் என்று விரும்புகிறேன். விதையைக் கரைத்து மொத்த இரும்பை அளந்திருந்தால் வேறுபாடே தெரிந்திருக்காது. அரிசியிலும் கோதுமையிலும் இரும்பைக் கூட்ட முயல்பவர்களுக்கு அது தவிட்டோடு போகிறதா, உள்ளே தங்குகிறதா என்பதே கேள்வி. செறிவான எக்ஸ் கதிர் தரும் துகள் முடுக்கியான இந்தூரின் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானிலும் மறுகதிர் ஆய்வுக்கென ஒரு கதிர்த்தடம் இருக்கிறது. அங்கே போகும் நம் மாணவர் தன் வேலையை ஊரில் அம்மாவிடம் தமிழில் சொல்ல முடிய வேண்டும்.

‘எக்ஸ்’ முன்னொட்டு முதல் முறை மட்டும் வரட்டும்: எக்ஸ் மறுகதிர் நுண்ணோக்கி. பிறகு மறுகதிர் நுண்ணோக்கி போதும். யாழ்ப்பாணத்தில் நீங்கள் மறுகதிர் நுணுக்குக்காட்டி என்றே எழுதுங்கள். முன்பாதி ஒன்றாக இருந்தால் தேடுபவர் கண்டுபிடித்துவிடுவார். உலோகம் இருக்கும் இடத்தைக் காட்டும் படத்துக்குத் ‘தனிமப் படம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன், உங்களுக்கு ‘மூலகப் படம்’. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்; அன்று கட்டுரை அச்சுக்குப் போகிறது.