புதுப்பிப்பு: பாதியில் நின்ற ரீஸ்டோர், புகைப்படங்கள் கிடைத்துவிட்டன

டார் ஜிசிப் பேக்கப்பை (டார் பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும், ஜிசிப் அதைச் சுருக்கும்) விரித்தால் பாதியில் நிற்கிறது, புகைப்பட ஃபோல்டர் வரவே இல்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். காரணம், பேக்கப் இருந்த டிஸ்க்கிலேயே பேட் செக்டர்கள், அதாவது படிக்க முடியாமல் கெட்டுப்போன பகுதிகள்.

முதலில், கெட்ட டிஸ்க்கிலிருந்து படிக்க முடிந்ததை எடுக்கும் டிடிரெஸ்க்யூ மூலம் அந்த ஃபைலை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். அப்புறம் மூலத்தைத் தொடவே இல்லை. ஜிசிப்பில் நடுவே ஓர் இடம் கெட்டால், அதற்குப் பின்னால் உள்ளதை வழக்கமான முறையில் விரிக்க முடியாது. ஜிசிப் ரெகவர் என்ற மீட்புக் கருவி கெட்ட இடத்தைத் தாண்டி, படிக்க முடிந்த அடுத்த பிளாக்கிலிருந்து தொடர்ந்தது. வெளிவந்ததை டார் ஏற்கவில்லை. டார் கட்டுகளையும் விரிக்கும் சிபிஐஓ என்ற கருவி, குப்பையைத் தள்ளிவிட்டு அடுத்த ஹெடரை, அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் உள்ள பெயர், அளவு விவரத்தை, தேடிப் பிடித்தது. எவ்வளவு நிம்மதி!

ஆனால் ஒன்று: சில படங்களின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். பழைய செக்சம் (ஃபைல் மாறியிருக்கிறதா என்று காட்டும் எண்) பட்டியலோடு ஒப்பிட்டுக் கெட்டவற்றைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.