பிசியோ முடிச்சிட்டு வெளிநாடு: எங்க இருந்து தொடங்கிறது?

கொட்டாஞ்சேனை_பிசியோ:

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில பிசியோதெரபி டிகிரி முடிச்சு, மருத்துவ சபையில பதிவும் எடுத்து, மூண்டரை வருசமா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வேலை செய்யிறன். பின்னேரத்தில வீடுகளுக்குப் போறனான். ஸ்ட்ரோக் வந்த ஆக்கள், முழங்கால் மாத்தின ஆக்கள்தான் கூட. (வெள்ளவத்தையில லிப்ட் இல்லாத பிளட்டில நாலாம் மாடி எண்டா எக்சர்சைஸ் எனக்கும்தான்.)

யூகே, கனடா, அவுஸ்திரேலியா எண்டு ஒவ்வொரு நாட்டு வெப்சைட்டையும் வாசிச்சுத் தலை சுத்துது. இதுக்குள்ள ஒரு ஏஜென்ட், "முதல் கெயார் விசாவில (வயசான, ஏலாத ஆக்களைப் பராமரிக்கிற வேலை) யூகே போங்கோ, அங்க போய்ப் பிசியோவா மாறிக்கொள்ளலாம்" எண்டு சொல்லி அட்வான்ஸ் கேக்கிறார். அம்மா நகையை அடகு வைக்கிறன் எண்டு நிக்கிறா. போன ஆக்கள் ஆராவது உண்மையைச் சொல்லுங்கோ.

ஹவ்லொக்_ரோட்_அக்கா:

தங்கச்சி, முதல்ல அம்மாவை நகையை அலுமாரிக்குள்ள திருப்பி வைக்கச் சொல்லுங்கோ. கெயார் வேலைக்கு வெளிநாட்டில இருந்து புதுசா ஆள் எடுக்கிறதை யூகே 2025 யூலை 22ஓட நிப்பாட்டியாச்சு. அவர் பூட்டின கடைக்கு அட்வான்ஸ் கேக்கிறார்.

நான் இப்ப லீவில கொழும்பில நிக்கிறன், மழை விடுற மாதிரி இல்லை, அதால கொஞ்சம் நீட்டாவே எழுதுறன்.

யூகேயில பிசியோவா வேலை செய்ய எச்.சி.பி.சி. எண்ட அங்கத்தைச் சபையில பதிவு வேணும். அது இல்லாமல் "பிசியோதெரபிஸ்ட்" எண்டு பேருக்குப் பின்னால போட்டாலே சட்டப்படி குற்றம். பதிவுக்குப் பாடச் சோதனை ஒண்டும் இல்லை, எல்லாம் பேப்பர்தான். சோதனை இல்லை எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கு நான் துள்ளிக் குதிச்சன். பிறகுதான் விளங்கிச்சு, சோதனை எண்டா மூண்டு மாசம் விழுந்து படிச்சு எழுதிட்டுப் போயிருக்கலாம் எண்டு. ஏனெண்டா இந்தப் பேப்பர் எங்கட கையில இல்லை. என்ன பாடம் படிப்பிச்சவை, எந்த வோட்டில எத்தினை மணித்தியாலம் நிண்டனீங்கள் எண்டு படிச்ச இடமே ஒரு போமில நிரப்பி, கையெழுத்தும் சீலும் வைச்சுத் தர வேணும். அதை அங்க இருக்கிற அசெசர்மார் தங்கட ஸ்டாண்டர்டோட ஒப்பிட்டுப் பாப்பினம். அந்த ஸ்டாண்டர்ட் 2023 செப்டெம்பரில மாறினது. ஆற்றையோ பழைய போமைப் பாத்து எழுதாதேங்கோ.

நான் படிச்ச இடத்தின்ர பேர் சொல்லேல்ல. முதல் நாள் போனன், சேர் லீவு. ரெண்டாம் நாள் சேர் கையெழுத்து வைச்சிட்டார், ஆனா சீல் அலுமாரிக்குள்ள, திறப்பு வைச்சிருக்கிற மிஸ் கண்டிக்குப் போயிட்டா. மூண்டாம் நாள் சீலும் விழுந்துது. சந்தோசத்தில வாசிச்சுக்கூடப் பாக்காமல் அனுப்பினன். மணித்தியாலம் எழுத வேண்டிய பெட்டியில "பாடத்திட்டத்தின்படி" எண்டு ஒரே ஒரு வரி எழுதியிருந்தது எனக்குத் தெரியாது. மேலதிக விபரம் தாங்கோ எண்டு லண்டனில இருந்து திரும்பி வந்திச்சு.

அண்டு ராத்திரி படிக்கேக்க எந்த வோட்டில எத்தினை மணித்தியாலம் நிண்டன் எண்டு எழுதின லொக் புக்கை, அம்மாட சாறிப் பெட்டிக்கு அடியில இருந்து தேடி எடுத்தன். ஐ.சி.யு. பக்கத்தில தேத்தண்ணிக் கறை. நிலத்தில இருந்து கல்குலேற்றரில கூட்டினன். எலும்பு முறிவு வோட் இத்தினை, நரம்பு வோட் இத்தினை, நெஞ்சு இத்தினை, சின்னப் பிள்ளையள் இத்தினை எண்டு ஒரு தாளில ரைப் பண்ணி, லொக் புக்கையும் கொண்டு போய் சேரின்ர மேசையில வைச்சன். பக்கம் பக்கமாப் புரட்டிச் சரி பாத்தார். "கூட்டிக்கொண்டே வந்திட்டீரே பிள்ளை" எண்டிட்டு அதில வைச்சே கையெழுத்துப் போட்டார். மூண்டு தரம் நடந்து வராத வேலை கால் மணித்தியாலத்தில முடிஞ்சுது. அவையள் தரமாட்டம் எண்டு நிக்கேல்ல. உக்காந்து கூட்ட அங்க ஒருத்தருக்கும் நேரமில்லை, அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் லேசு. ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலச் சோதனையில மொத்தம் 7, ஒரு பகுதியும் 6.5க்குக் கீழ போகக் கூடாது. எனக்கு எழுத்தில 6 வந்து திரும்ப இருந்தன். நொரிஸ் கனல் வீதிக்குப் போய் மருத்துவ சபையில குட் ஸ்டாண்டிங் கடிதத்துக்கும் (உங்களில பிழை ஒண்டும் இல்லை எண்ட கடிதம்) எழுதிக் குடுத்திடுங்கோ.

பதிவு கிடைச்சாப் பிறகுதான் வேலைக் கதை. பான்ட் 5 எண்டிறது அங்கத்தை அரசாங்க ஆஸ்பத்திரிச் சம்பளப் படியில பிசியோவுக்குத் தொடக்க நிலை. இப்ப அதுக்கு அங்க படிச்சு முடிச்ச பிள்ளையளே அலையுதுகள். விண்ணப்பம் நிறைஞ்சா முடிவுத் திகதிக்கு முதலே விளம்பரத்தை மூடுவினம், அதால போட்ட அண்டைக்கே அனுப்புங்கோ.

என்ர முதல் இன்டர்வியூ ஒன்லைனில. கேட்ட கேள்வி: "இடுப்பு மூட்டு மாத்தின ஒரு அம்மாவை அடுத்த நாள் கட்டிலால எழுப்பிறீங்கள், தலை சுத்துது எண்டுறா. என்ன செய்வீங்கள்?" நான் உடன "டொக்டருக்கு அறிவிப்பன்" எண்டன். ஸ்கிரீனில ரெண்டு பேரும் பேசாமல் இருந்திச்சினம். இன்னும் சொல்லுவன் எண்டு பாத்துக்கொண்டு இருந்திருக்கினம். எனக்கு அது விளங்கேல்ல. வேலை கிடைக்கேல்ல.

அவவைத் திருப்பி இருத்துவன், படுக்கேக்கயும் நிக்கேக்கயும் பிரஷர் பாப்பன், ஒப்பரேசனுக்குப் பிறகு ஹீமோகுளோபின் எவ்வளவு, என்ன நோ மருந்து குடுத்தது, தண்ணி குடிச்சவவோ எண்டு பாப்பன், பிறகு ஆருக்குச் சொல்லுவன், எப்ப திரும்ப எழுப்பிப் பாப்பன். இதைத்தான் எதிர்பாத்தவை. யோசிச்சுப் பாருங்கோ, இங்க வோட்டில நாங்கள் இதெல்லாம் கையால செய்யிறம்தானே. ஆனா ஏன் செய்தனீங்கள் எண்டு கேட்டா "சேர் சொன்னவர்" எண்டு முடிச்சிடுவம். ஒரு மாசம் ஒவ்வொரு பேசன்ட்டையும் பாத்து முடிச்சாப் பிறகு காரணத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகினன். பஸ்ஸில பக்கத்தில இருந்த மனுசன் எழும்பி வேற சீற்றுக்குப் போயிட்டார்.

ஸ்காபரோ_மாமா:

மேல பிள்ளை எழுதினது யூகே. கனடாவில சோதனையும் இருக்கு, பேப்பரும் இருக்கு, குளிரும் இருக்கு.

முதல்ல உங்கட படிப்பை இங்கத்தைப் படிப்போட ஒப்பிட்டுப் பாப்பினம். மேற்பார்வையோட வோட்டில நிண்டது ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல வேணும், அதால அந்த லொக் புக் கதை இங்கயும் அதே கதைதான். பிறகு எழுத்துச் சோதனை. நான் எழுதேக்க நாலு மணித்தியாலத்தில 200 கேள்வி. அதுக்குப் பிறகு செயன்முறை. அப்ப அது நோயாளியா நடிக்கிற ஆளை வைச்சு, மணி அடிக்க அடிக்க அறை மாறி மாறிச் செய்யிறது. கொரோனாவோட நாடு முழுக்க ஒண்டா நடந்த அந்தச் செயன்முறை குழம்பிப் போய், ஒன்ராரியோ தனக்கெண்டு ஒண்டை வைச்சுது. நான் எழுதினது அதுக்கு முதல்.

எனக்கு புள்ளி போனது வைத்தியத்தில இல்லை, துணியில. முழங்காலைப் பாக்கிறதெண்டா மற்றக் காலைத் துணியால மூடோணும், தொட முதல் ஒவ்வொரு தரமும் கேக்கோணும். ஊரில "அம்மா காலைத் தாங்கோ" எண்டு பிடிச்சுப் பழகின கை. ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தில வெளிநாட்டில படிச்ச பிசியோமாருக்கு இங்கத்தை முறைக்குப் பழக்கிற ஒரு பிரிட்ஜிங் படிப்பு இருக்கு. அதிலதான் அந்தப் பழக்கம் போச்சு. அதுவரைக்கும் ஒரு கிளினிக்கில உதவியாள். ஹொட் பாக் வைக்கிறது, கட்டில் துடைக்கிறது. வந்த தமிழ்ச் சனம் "டொக்டர்" எண்டு கூப்பிடேக்க முதலாளி பாக்கிறாரோ எண்டு திரும்பிப் பாப்பன்.

ஹட்டன்_பையன்:

நான் துபாய் போயிட்டு வந்தவன். அங்க கம்ப்யூட்டர்ல எழுதற புரொமெட்ரிக் சோதனை, அது பெரிய கஷ்டமில்ல. கஷ்டம் டேட்டாஃப்ளோ, சர்டிஃபிகேட் சரிபார்க்கிற கம்பெனி. உங்க சர்டிஃபிகேட் உண்மையான்னு கேட்டு நீங்க படிச்ச இடத்துக்கு நேரா எழுதுவாங்க. படிச்ச இடத்தில அந்த ஈமெயிலை யாரும் திறக்கலைன்னா உங்க ஃபைல் அப்படியே கிடக்கும். எனக்கு அப்படித்தான் கிடந்துச்சு. கடைசியில நானே போய் அந்த கம்ப்யூட்டர் பக்கத்துல நின்னேன்.

அவுஸ்திரேலியாவுக்கு என் ரூம்மேட் முயற்சி பண்றான். எழுத்துச் சோதனை பாஸாகிட்டான். செயன்முறை மூணு: எலும்பு-தசை, நரம்பு, இதயம்-நுரையீரல். அதுக்கு அங்கயே போகணும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில இருக்கிறவங்க வாசிச்சா: 2022ல வந்த 14/2022 சுற்றறிக்கையைத் தேடிப் பாருங்க, வெளிநாட்டு வேலைக்கு 5 வருஷம் வரைக்கும் சம்பளமில்லாத லீவு பத்தினது. ராஜினாமா எழுத முந்தி உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேளுங்க.

கொட்டாஞ்சேனை_பிசியோ:

அக்கா, மாமா, அண்ணா எல்லாருக்கும் நன்றி. ஏஜென்ட்டின்ர நம்பரை புளொக் பண்ணியாச்சு, அம்மாட நகையும் அலுமாரிக்குள்ள. ஒரு சின்னப் பிரச்சினை. என்ர லொக் புக்கை கேஸ் எழுதிப் பழக எண்டு ஒரு ஜூனியர் வாங்கினவள். ரெண்டு வருசமாச்சு.

ஹவ்லொக்_ரோட்_அக்கா:

ஐயோ பிள்ளை. இண்டைக்கே அவளுக்குக் கோல் எடுங்கோ. அவள் இன்னொருத்திக்குக் குடுத்திருப்பாள், அவளுக்கும் எடுங்கோ. கிடைச்ச உடன எல்லாப் பக்கத்தையும் போனில படம் பிடிச்சு வையுங்கோ. பிறகு போம் கொண்டு போற நாளுக்கு முதல் நாள் ஒபிஸுக்கு எடுத்து, அலுமாரித் திறப்பு ஆரிட்ட எண்டு கேட்டிட்டுப் போங்கோ.